தெரிந்தே செய்யும் தப்பு: ஜூ ஷியின் வழியா, வாங் யாங்மிங்கின் வழியா?

பொய் சொல்வது தப்பு என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். கேட்டால் காரணத்தோடு சொல்லும். ஆனாலும் "வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்றால் "முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். தெரியாமல் செய்த தப்பு என்றால் சொல்லிக்கொடுத்தால் போதும். தெரிந்தே செய்த தப்பை என்ன செய்வது? நல்லொழுக்கம் கற்பிக்க முயலும் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

சீனத்தில் பதினோராம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரை இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றவர்கள் நவகன்பூசியர்கள். பௌத்தமும் தாவோவும் ஆழ வேரூன்றியிருந்த காலத்தில், பழங்காலச் சான்றோர்களான கன்பூசியஸையும் மென்சியஸையும் புதிதாக வாசித்தவர்கள் அவர்கள். மனித இயல்பு அடிப்படையில் நல்லது என்ற மென்சியஸின் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். கற்று ஒருவர் சான்றோர் ஆக முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று ஜோ துன்யீ (1017–1073) சொன்ன பதிலிலும் அவர்களுக்குள் தகராறு இல்லை. எப்படிக் கற்பது என்பதில்தான், ஜூ ஷி ஒரு பக்கமும் வாங் யாங்மிங் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவு இன்றைக்கும் நமக்கு உதவும். வீட்டிலோ வகுப்பிலோ பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தர ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு வாங் யாங்மிங்கின் பள்ளி ஒழுங்கு, பதினைந்துக்கு மேல் ஜூ ஷியின் வாசிப்பு. ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும் அதன் விலையையும் சேர்த்தேதான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு வழியையும் அந்தப் பொய் சொன்ன பிள்ளையின் முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

ஜூ ஷி: அறிவு இன்னும் ஆழம் போகவில்லை

தென் சொங் அரசமரபுக் காலத்தவரான ஜூ ஷி (1130–1200) கல்வியை இரண்டு படிகளாகப் பிரித்தார். எட்டு வயதில் பிள்ளை 'சிறுகல்வி'யில் சேர வேண்டும். தண்ணீர் தெளித்துப் பெருக்குவது, கூப்பிட்டால் பதில் சொல்வது, பெரியவர்கள் முன் வருவது போவது, அப்புறம் சடங்கு, இசை, வில், தேர், எழுத்து, கணக்கு. பதினைந்து வயதில் 'பெருங்கல்வி'. அங்கேதான் ஏன், எதற்கு என்ற ஆராய்ச்சி தொடங்கும். முதல் படியில் கை பழகும், இரண்டாம் படியில் அந்தப் பழக்கத்துக்கான காரணம் புரியும். சிறு வயதில் முதல் படியைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். மனத்தைச் சிதறவிடாமல் மரியாதையோடு ஒரே இடத்தில் நிறுத்தும் பயிற்சியால் அந்தக் குறையை ஈடுகட்டலாம் என்றார். வயது வந்த பிறகு தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

முதல் படிக்கென்றே 1187-இல் லியூ சிங்ஜியின் துணையோடு 'ஷியாவ்ஷுவே' என்ற தொகுப்பை உருவாக்கினார். பழைய நூல்களிலிருந்து எடுத்த விதிகளும், பழங்காலத்திலிருந்து சொங் காலம் வரை வாழ்ந்த மனிதர்களின் சொல்லும் செயலும் அதில் இருக்கின்றன. பொய்யைப் பற்றி இந்த நூல் பேசும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது பிள்ளையிடமிருந்து தொடங்கவில்லை. பிள்ளையின் கண்முன் ஏமாற்று எதையும் காட்டாதே என்ற பழைய விதியைப் பெரியவர்களுக்குச் சொல்கிறது. கூடவே மென்சியஸின் அம்மா கதையையும் சேர்க்கிறது. பக்கத்து வீட்டில் பன்றி அறுக்கிறார்கள். எதற்கு என்று சிறுவன் கேட்கிறான். "உனக்குக் கொடுக்கத்தான்" என்று அம்மா சும்மா சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு மனம் உறுத்துகிறது. இப்போதுதான் விவரம் தெரியத் தொடங்கியிருக்கும் பிள்ளையை ஏமாற்றினால், சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொடுத்ததாகிவிடுமே என்று இறைச்சியை வாங்கிச் சமைத்துப் போடுகிறாள்.

அதே நூலில் இன்னொரு கதை. வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள் என்று லியூ அன்ஷி, வரலாற்றாசிரியர் சீமா குவாங்கிடம் கேட்கிறார். மெய்ம்மை என்கிறார் சீமா குவாங். எங்கிருந்து தொடங்குவது? பொய் பேசாமலிருப்பதிலிருந்து. இது எளிதுதானே என்று நினைத்த லியூ, அன்றாடம் தான் பேசியதையும் செய்ததையும் வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டார். அதைச் சரிசெய்ய அவருக்கு ஏழு வருடம் ஆயிற்று. வளர்ந்த ஒருவருக்கே ஏழு வருடம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கான புத்தகமே சொல்கிறது. இதைப் படித்த ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் முதல் பொய்க்கே பிரம்பை எடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, தெரிந்தே செய்த தப்புக்கு ஜூ ஷியின் விளக்கம் என்ன? அவருடைய முன்னோடி செங் யீ (1033–1107) சொன்ன புலிக்கதையில் அது இருக்கிறது. புலி மனிதனைக் கொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் புலியைப் பற்றிப் பேச்சு வந்ததும் முகம் வெளிறியவர், ஒருமுறை புலியால் காயம்பட்டவர் மட்டும்தான். மற்றவர்களுக்குத் தெரிந்தது செவிவழிச் செய்தி, அவருக்குத் தெரிந்தது மெய்யான அறிவு. அப்படிப் பார்த்தால் பொய் சொன்ன பிள்ளைக்கு அது தப்பு என்று 'தெரியும்' என்பதே பாதி உண்மைதான். அறிவு இன்னும் தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. அதை ஆழப்படுத்துவதுதான் மருந்து. படிக்க வேண்டும், நடந்த நிகழ்ச்சிகளை ஆராய வேண்டும், வரலாற்று மனிதர்கள் எடுத்த முடிவுகளை எடைபோட வேண்டும்.

இந்த ஆழப்படுத்தும் வேலைக்கு அவர் வகுத்த வாசிப்பு முறை, நான் அறிந்தவற்றில் மிகவும் நிதானமானது. கொஞ்சமாகப் படி, ஆனால் திரும்பத் திரும்பப் படி. வாக்கியம் உன் வாயிலிருந்தே வந்ததுபோல ஆகும்வரை படி. கன்பூசிய மரபின் நான்கு அடிப்படை நூல்களுக்கும் வரிசை உண்டு: முதலில் 'பெருங்கல்வி', அப்புறம் கன்பூசியஸின் உரையாடல்கள், அப்புறம் மென்சியஸ், கடைசியில் 'நடுநிலைக் கோட்பாடு'. ஒரு புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

1179-இல் நான்காங் பகுதிக்கு நிர்வாகியாகப் போனபோது, லூஷான் மலையடியில் சிதைந்துகிடந்த வெண்மான் குகைக் கல்விக்கூடத்தை மீண்டும் எழுப்பினார். அங்கே அவர் எழுதிவைத்த நெறிகளில் தண்டனைப் பட்டியல் கிடையாது. ஐந்து மனித உறவுகள், பரந்து கற்பது, விசாரித்துக் கேட்பது, கவனமாகச் சிந்திப்பது, தெளிவாகப் பிரித்தறிவது, ஊன்றிச் செயல்படுவது போன்றவைதான். இது செய்யாதே அது செய்யாதே என்று விதிபோடுவது மாணவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்று பின்குறிப்பில் சொல்கிறார். மனப்பாடம் செய்து, அலங்காரமாக எழுதி, பேரும் பதவியும் தேடுவதற்குக் கல்வி இல்லை என்றும் அங்கேயே எழுதினார்.

இந்த வழியின் பெரிய பலம், சுமாரான ஆசிரியரும் இதை நடத்தலாம் என்பது. நூல் இருக்கிறது, வரிசை இருக்கிறது. ஆசிரியருக்கு அன்றைக்கு மனநிலை சரியில்லை என்றாலும் பாடம் நடக்கும். பல பேர் ஒரே நூலைப் படிப்பதால் பொதுவான பேச்சுமொழியும் கிடைக்கிறது. குறையும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. 1313-இல் யுவான் அரசு ஜூ ஷியின் உரைகளை அரசுத் தேர்வுக்கு அடிப்படையாக ஆக்கியது. 1905-இல் தேர்வு முறையே ஒழிக்கப்படும்வரை அந்த இடம் நீடித்தது. பேரும் பதவியும் தேடாத கல்விக்காக எழுதப்பட்ட உரை, பேருக்கும் பதவிக்கும் ஏணியானது. அந்த உரையை வரிக்கு வரி ஒப்பித்துவிட்டு லஞ்சம் வாங்கிய அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையும் அப்படித்தான்: பொய்யைப் பற்றிய எல்லாக் கதையையும் சொல்லத் தெரிந்த பிள்ளையும் பொய் சொல்லும். ஆழம் போதவில்லை, இன்னும் படி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம்.

லூ ஜியுயுவான்: ஒரு நல்ல பேச்சு

இந்தத் தள்ளிப்போடலை ஜூ ஷியின் முகத்துக்கு நேராகக் குறைசொன்னவர் லூ ஜியுயுவான் (1139–1193). 1175-இல், நண்பர் லூ சூசியானின் ஏற்பாட்டில், ஜியாங்ஷியின் அன்ன ஏரிக் கோயிலில் இருவரும் சந்தித்தார்கள். ஜூ ஷியின் முறை துண்டு துண்டாக அலைகிறது, மனம் என்ற வேரை முதலில் நிலைநிறுத்தினால் மற்றது தானாக வளரும் என்பது லூ ஜியுயுவானின் கட்சி. யாவ், ஷுன் போன்ற ஆதி சான்றோர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள் என்று கேட்கவும் நினைத்தார். அண்ணன் தடுத்துவிட்டார். சந்திப்பு உடன்பாடில்லாமல் முடிந்தது.

ஆனாலும் 1181-இல் ஜூ ஷி அவரைத் தன் வெண்மான் குகைக்கே பேசக் கூப்பிட்டார். சான்றோன் அறத்தை உணர்கிறான், சிறியோன் ஆதாயத்தை உணர்கிறான் என்ற கன்பூசியஸின் வாக்கை எடுத்துக்கொண்டு, தேர்வுக்காகப் படிக்கும் நீங்கள் எதை நோக்கிப் படிக்கிறீர்கள் என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்டார் லூ. கேட்டவர்களில் சிலர் அழுதுவிட்டார்கள். லேசான குளிர் இருந்தும் ஜூ ஷிக்கு வியர்த்து விசிறிக்கொண்டார் என்று லூவின் வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. பேச்சைக் கல்லில் பொறிக்கவும் செய்தார். எதிர்க்கட்சிக்காரரை அழைத்து, தன் மாணவர்கள் முன் பேசவிட்டு, அதைக் கல்லிலும் வெட்டிவைத்த அந்தப் பெருந்தன்மையே ஒரு நீதிபோதனை என்பேன்.

பொய் சொன்ன பிள்ளையிடம் லூவின் கேள்வி, "எந்த ஆதாயத்துக்காகச் சொன்னாய்?" என்பதாக இருக்கும். நல்ல கேள்வி. தேர்வு நெருக்கடியில் இருக்கும் பதினேழு வயதுக்காரர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் பலன் உண்டு. ஆனால் தினமும் அழவைக்க முடியாது. பேச்சின் சூடு இறங்கிய பிறகு புதன்கிழமை காலையில் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் விரிவான ஒழுங்கு இல்லை.

வாங் யாங்மிங்: காலையில் ஒரு கேள்வி

லூவின் கருத்தை அன்றாட ஒழுங்காக்கிக் காட்டியவர் மூன்று நூற்றாண்டுக்குப் பின் வந்த வாங் யாங்மிங் (1472–1529). இளைஞராக இருந்தபோது ஜூ ஷியின் 'பொருள்களை ஆராய்தல்' என்பதை நம்பி மூங்கில் முன் உட்கார்ந்தார். கூட உட்கார்ந்த நண்பர் மூன்றாம் நாள் படுத்தார், இவர் ஏழாம் நாள் படுத்தார். இதை வைத்து ஜூ ஷியைக் கேலி செய்பவர்கள் உண்டு, அது நியாயமில்லை. ஜூ ஷி சொன்னது நூலையும் வரலாற்றையும் அன்றாட விவகாரங்களையும் ஆராயச் சொல்லித்தான். ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து படிப்படியாக விரியும் வேலை அது. மூங்கிலை முறைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த நோய் வாங்கை வேறு வழி தேட வைத்தது. லியூ ஜின் என்ற அரண்மனை அதிகாரியை எதிர்த்து எழுதியதற்காகப் பிரம்படி பட்டு, குய்ஜோவின் லோங்சாங்குக்குத் துரத்தப்பட்ட இடத்தில், 1508-இல் அவருக்கு அந்த வழி தெளிந்தது. அறம் வெளிப்பொருளில் இல்லை, நம் மனத்திலேயே இருக்கிறது. நல்லது கெட்டது அறியும் உள்ளறிவு எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு.

அடுத்த ஆண்டிலிருந்து அவர் சொல்லத் தொடங்கியதுதான் அறிவும் செயலும் ஒன்று என்பது. தெரிந்தும் செய்யாதவர் என்று யாரும் இல்லை, செய்யவில்லை என்றால் இன்னும் தெரியவில்லை. கெட்ட நாற்றம் மூக்கில் ஏறியதும் வெறுப்பு வந்துவிடுகிறது. நாற்றம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் வெறுக்கலாம் என்று யாரும் முடிவு செய்வதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது செங் யீயின் புலிக்கதை போலவே இருக்கிறது. வேறுபாடு மருந்தில் இருக்கிறது. ஜூ ஷி அறிவை ஆழப்படுத்து என்பார். வாங், பொய் சொன்ன அந்த நொடியில் உனக்குள் ஒன்று உறுத்தியதே, அதை மூடாமல் அதன்படி இப்போதே நட என்பார். முதல் மருந்துக்குக் காலம் வேண்டும், இரண்டாவதற்குத் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இதற்குப் பதிலாகத்தான் அவர் 1518-இல் தென் ஜியாங்ஷியில் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு எழுதிய அறிவுரையை வாசிக்கிறேன். சிறுவர்களுக்கு விளையாட்டில்தான் ஆசை, கட்டுப்பாட்டில் வெறுப்பு, முளைவிடும் செடி மாதிரி அவர்கள் என்கிறார். இன்றைய ஆசிரியர்கள் வரி ஒப்பிக்க வைக்கிறார்கள், அடிக்கிறார்கள், கைதிகளைப்போல் கட்டிவைக்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்குப் பள்ளி சிறையாகத் தெரிகிறது, வாத்தியார் எதிரியாகத் தெரிகிறார். ஒளிகிறார்கள், மறைக்கிறார்கள், ஏமாற்றி விளையாடப் போகிறார்கள். பிள்ளையின் பொய்யில் வாத்தியாரின் பங்கு என்ன என்று கேட்கும் இந்தப் பத்தி ஐந்நூறு ஆண்டுக்கு முந்தியது என்று நம்பவே முடிவதில்லை.

கூடவே அவர் தந்த நாள் ஒழுங்கு இன்னும் அருமை. காலையில் பிள்ளைகள் வணக்கம் சொன்னதும் ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். வீட்டில் பெற்றோரிடம் அன்பும் பெரியவர்களிடம் மரியாதையும் தளர்ந்ததா? அவர்களுக்குக் குளிரும் வெக்கையும் பார்த்துச் செய்வதில் குறை வைத்தாயா? தெருவில் நடந்த விதம் எப்படி? சொல்லிலும் நினைப்பிலும் பொய்யோ கோணலோ இருந்ததா? பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். செய்திருந்தால் திருத்திக்கொள்ளட்டும், இல்லையென்றால் இன்னும் கவனமாக இருக்கட்டும். ஆசிரியர் சந்தர்ப்பம் பார்த்து இதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பாடம்.

பிறகு பாட்டு. பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, தினம் ஒரு குழு பாடும், மற்றவர்கள் கேட்பார்கள். ஐந்து நாளுக்கொருமுறை எல்லாக் குழுவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட வேண்டும். சடங்குப் பயிற்சியும் இப்படியே முறைவைத்து நடக்கும். பாட்டில் பிள்ளையின் துள்ளலும் கூச்சலும் வெளியேறிவிடுகிறது, வணங்கி எழுவதில் உடம்புக்குப் பயிற்சி கிடைக்கிறது என்று காரணமும் சொல்கிறார். வாசிப்புக்கு அவர் தந்த அளவு இது: இருநூறு எழுத்து படிக்க முடிந்த பிள்ளைக்கு நூறு மட்டும் கொடு. எப்போதும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தால் படிப்பு கசக்காது.

நம் பிள்ளை இந்த வகுப்பில் இருந்தால் என்ன ஆகும்? நேற்று சொன்ன பொய்யை இன்று காலையில் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. சொன்னால் அடி கிடையாது. எல்லாரிடமும் இதே கேள்வி போவதால் தனியாக அவமானப்படவும் வேண்டாம். உள்ளே உறுத்தியது உண்மைதான் என்று வாய்விட்டுச் சொல்வதே அந்த உள்ளறிவின்படி நடக்கும் முதல் செயலாகிவிடுகிறது. பெருக்குவதும் பதில் சொல்வதும் சின்ன விஷயமில்லையா என்று கேட்டவர்களிடம், பிள்ளையின் உள்ளறிவு அந்த அளவுக்குத்தான் எட்டும், அந்த அளவை நிறைவாகச் செய்தால் போதும் என்றார் வாங். பிள்ளையைப் பிள்ளையாகவே மதிக்கும் இந்தப் பார்வைதான் என்னை இவர் பக்கம் இழுக்கிறது.

இதற்கும் விலை உண்டு. அந்தக் காலைக் கேள்வியைக் கடுமையான ஆசிரியர் கையில் கொடுத்தால் அது தினசரி விசாரணையாகிவிடும். இதமாகக் கேட்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் இந்த முறையைத் தொடாமலிருப்பதே மேல். வாங் அந்தப் பகுதிக்குப் போனதே கலகக்காரர்களை அடக்கும் படைப்பொறுப்போடுதான் என்பதையும் மறக்கக் கூடாது. பள்ளிகள் ஊரை அமைதியாக வைத்திருக்கும் திட்டத்தின் ஒரு பகுதி. கீழ்ப்படிதலும் அந்தப் பாட்டோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது.

பெரியவர்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். என் உள்ளறிவே அளவுகோல் என்றால், என் ஆசைக்கே உள்ளறிவு என்று பெயர் வைத்துவிடலாம் அல்லவா? உப்பளக் குடும்பத்திலிருந்து வந்த வாங் கென் (1483–1541) போன்ற மாணவர்கள் இந்தப் போதனையைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனது பெரிய காரியம். ஆனால் அதற்குப் பிந்திய தலைமுறையில், படிப்பும் பயிற்சியும் வேண்டியதில்லை என்று சிலர் பேசும் அளவுக்குப் போனது. மிங் அரசு 1644-இல் விழுந்த பிறகு, அந்த வெற்றுப் பேச்சுதான் நாட்டைக் கெடுத்தது என்று கூ யான்வு போன்ற அறிஞர்கள் பழிபோட்டார்கள். ஓர் அரசின் வீழ்ச்சிக்கு அது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தன்னைத் திருத்த வெளியில் ஒன்றுமே இல்லாத மனிதர் எங்கே போய் முடிவார் என்ற அவர்களுடைய கவலை சரியானதுதான்.

ஊர்க்கூட்டமும் கணக்கேடும்

அந்த 'வெளியில் ஒன்று' நூலாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அக்கம்பக்கத்தாராகவும் இருக்கலாம். 1076-இல் வேறொரு லூ குடும்பத்தார் தொடங்கிய ஊர் உடன்படிக்கையை ஜூ ஷி திருத்தி எழுதினார். வாங்கும் தென் ஜியாங்ஷியில் தன் வடிவத்தை நடைமுறைப்படுத்தினார். மாதம் ஒருமுறை கூட்டம், ஆளுக்கு மூன்று ஃபென் எடை வெள்ளி, பசி தாகம் தீரும் அளவுக்கு மட்டும் சாப்பாடு. நல்லது செய்தவரையும் தப்பு செய்தவரையும் தனித்தனி ஏட்டில் எழுதுவார்கள். நன்மையைச் சொல்லும்போது வெளிப்படையாக, உறுதியாகச் சொல். குற்றத்தைச் சொல்லும்போது மறைவாக, இதமாகச் சொல் என்கிறது விதி. ஒருவர் அண்ணனிடம் மரியாதையில்லாமல் நடந்தால் 'மரியாதை கெட்டவர்' என்று எழுதக் கூடாது. 'மூத்தவருக்குச் செய்யும் முறையில் ஏதோ குறை இருப்பதாகக் கேள்வி, நம்ப முடியவில்லை, இப்போதைக்குக் குறித்துவைக்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்த முறை வேண்டாம். ஊர் கூடி ஒரு சிறுவனின் பொய்யைக் குறித்துவைப்பது, எவ்வளவு இதமாகச் செய்தாலும், அவனை நொறுக்கிவிடும். பெற்றோருக்கு வேண்டுமானால் பரிந்துரைப்பேன். நான்கைந்து குடும்பங்கள் மாதம் ஒருநாள் கூடி, கோபத்தில் எங்கே எல்லை மீறினோம், எந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று இந்தத் தொனியில் பேசிக்கொள்ளலாம்.

புண்ணிய பாவக் கணக்கேடு இன்னொன்று. செய்த நன்மைக்கு இத்தனை, தீமைக்கு இத்தனை என்று தினமும் எழுதிக் கூட்டிக் கழிப்பது. மிங் காலத்தில் யுவான் ஹுவாங் (1533–1606) இதை மிகவும் பரப்பினார். இன்று பிள்ளைகளுக்கு நல்ல காரியத்துக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை இதன் உறவுக்காரன்தான். வாங் மரபிலேயே வந்த லியூ சோங்ஜோ (1578–1645) இதைக் கடுமையாக எதிர்த்தார். நன்மையை எண்ணத் தொடங்கினால் ஆதாயக் கணக்கு வந்துவிடும் என்று, தவறுகளை மட்டும் ஆராயும் நூல் ஒன்றை எழுதினார். எண்ணுவதைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் தவறுகளை மட்டுமே பார்க்கும் அவருடைய மாற்றும் பிள்ளைகளுக்கு ஆகாது. இரண்டையும் விட்டுவிடலாம்.

யாருக்கு எது

இரண்டு வழியையும் வாழ்ந்து பார்த்த ஒருவர் ஜப்பானில் இருந்தார். நாகாயே தோஜு (1608–1648) தாயைப் பார்த்துக்கொள்வதற்காகப் பதவியை விட்டுவிட்டு பிவா ஏரிக்கரை ஊருக்குத் திரும்பி, அங்கே பாடம் சொன்னவர். முதலில் ஜூ ஷியின் வழியில், சடங்கு விதிகளைக் கறாராகப் பிடித்தார். முப்பதுகளின் நடுவில் வாங்கின் எழுத்துகளைப் படித்து மனம் மாறினார். மந்தமான மாணவர் ஒருவர் மருத்துவம் கற்க வந்தபோது, இரண்டு மூன்று வாக்கியங்களைக் காலையிலிருந்து நூற்றுக்கணக்கான தடவை சொல்லவைத்தும், சாப்பிட்டு வந்ததும் அவர் மறந்துபோவாராம். தோஜு கைவிடவில்லை. அவருக்காகவே ஒரு மருத்துவப் பாடநூலை எழுதினார், அந்த மாணவரும் மருத்துவரானார். திரும்பத் திரும்ப வாசிப்பது ஜூ ஷியின் பழக்கம். இந்த ஆளிடமும் உள்ளே குறையில்லை என்ற நம்பிக்கை வாங்குடையது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மாணவருக்குத் தர முடிந்திருக்கிறது.

ஆகவே எட்டிலிருந்து பதினான்கு வரை வாங்கின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். காலைக் கேள்வி, பாட்டு, பாதி அளவுப் பாடம். கதைகளை மட்டும் ஜூ ஷியின் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை உண்டு: காலைக் கேள்விக்கு ஆசிரியரோ பெற்றோரோ தாங்களும் பதில் சொல்ல வேண்டும். இது வாங்கின் விதியில் இல்லை, நான் சேர்ப்பது. மென்சியஸின் அம்மா கதையை உண்மையாக எடுத்துக்கொண்டால் வேறு வழியில்லை. இதமாகக் கேட்கும் பொறுமை உங்களுக்கு இல்லை என்று தெரிந்தால், தயங்காமல் ஜூ ஷியின் கதை வாசிப்போடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். பலன் மெதுவாக வரும், ஆனால் யாருக்கும் காயம் ஆகாது.

பதினைந்துக்கு மேல் கட்டாயம் ஜூ ஷிக்கு மாற வேண்டும். அந்த வயதில் "எனக்கு அப்படித் தோன்றியது" என்பது போதாது. தோன்றியதை இன்னொருவருடைய கருத்தோடு மோதவிட்டுப் பார்க்க நூலும், மெதுவான வாசிப்பும் வேண்டும். கொரியா இந்த வழியை முழுதாக எடுத்த நாடு. யீ ஐ (1536–1584) தொடக்க மாணவர்களுக்காக 1577-இல் எழுதிய கையேடும், யீ ஹுவாங் (1501–1570) இளம் அரசருக்குக் கொடுத்த பத்து விளக்கப் படங்களும், ஜூ ஷியின் பாதையை எவ்வளவு கனிவாகச் சொல்ல முடியும் என்பதற்குச் சாட்சி.

இந்த மரபின் மிகப் பெரிய குறையையும் அந்தப் பதினைந்து வயதில்தான் பேச வேண்டும். இந்தப் பள்ளிகளும் கல்விக்கூடங்களும் ஆண்பிள்ளைகளுக்கானவை. பெண்களுக்கு விதிகள்தான் வந்து சேர்ந்தன. 1175-இல் ஜூ ஷியும் லூ சூசியானும் சேர்ந்து தொகுத்த 'ஜின்ஸிலு' என்ற நூலில் செங் யீயின் ஒரு பதில் இருக்கிறது. ஆதரவில்லாத ஏழைக் கைம்பெண் மறுமணம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். பட்டினியில் சாவது மிகச் சின்ன விஷயம், கற்பை இழப்பது மிகப் பெரிய விஷயம் என்கிறார். பிற்காலத்தில் எத்தனையோ பெண்களின் கழுத்தில் சுருக்காக விழுந்த வாக்கியம் இது.

அதே அத்தியாயத்தில், சில பத்திகள் தள்ளி, செங் யீ தன் தந்தையைப் பற்றி எழுதிய புகழுரையும் இருக்கிறது. தந்தை, தன் சகோதரியின் மகள் கணவனை இழந்தபோது அவளை வீட்டுக்கு அழைத்துவந்து மறுபடி மணம் செய்துவைத்தார் என்று அதில் பெருமையாகச் சொல்கிறார். இந்த முரணை ஜூ ஷியிடமே மாணவர்கள் கேட்டார்கள். பொதுவாக விதி அப்படித்தான், ஆனால் மனிதர்களால் முழுதும் கடைப்பிடிக்க முடியாத இடங்களும் உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். படிக்கும்போது சந்தேகம் வராதவருக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னவரும் இதே ஜூ ஷிதான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ இந்த நூலைக் கொடுக்கும்போது அந்த இரண்டு பத்திகளையும் தாண்டிப் போகாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி, செங் யீ எந்த இடத்தில் சரி, ஜூ ஷியின் பதில் போதுமா என்று கேளுங்கள்.